உயர்தரப் பெறுபேற்றை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கிரெடிட்டாக மாற்றுவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை மாணவருக்கான வழிகாட்டி

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். "எத்தனை கிரெடிட்?" என்று மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கேட்டால், சாதாரண தரத்தில் எத்தனை பாடத்துக்குத் திறமைச் சித்தி என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். அமெரிக்காவில் கிரெடிட் என்பது வேறு. அது படித்து முடித்த பாடத்தின் அளவு. ஒரு பருவம் முழுக்க வாரத்துக்கு 3 மணித்தியாலம் நடக்கும் பாடம் 3 கிரெடிட். நான்கு வருடப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் சேர்க்க வேண்டும். வருடத்துக்கு 30.

அங்குள்ள உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன்பே இதில் ஒரு பகுதியைச் சேர்த்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் கொலேஜ் போர்ட் அமைப்பு நடத்தும் ஏ.பி. பரீட்சை (பல்கலைக்கழக மட்டப் பாடத்தில் பாடசாலைக் காலத்திலேயே தோற்றும் பரீட்சை) அதற்கான பிரதான வழி. பிரித்தானிய ஏ லெவல், சர்வதேசப் பாடசாலைகளில் உள்ள ஐ.பி. டிப்ளோமா ஆகியவற்றுக்கும் இதே பயன் உண்டு. நம் உயர்தரத்தில் இணைந்த கணிதம், இரசாயனவியல், உயிரியல், பொருளியல் போன்றவற்றின் பெரும் பகுதி அங்கே முதலாம் வருடத்தில் படிப்பிப்பதுதான். ஆகவே இலங்கை உயர்தரப் பெறுபேற்றுக்கும் கிரெடிட் தரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. தராதவையும் இருக்கின்றன. பிரித்தானிய ஏ லெவலுக்குத் தந்துவிட்டு, நம்முடையதைத் தனியாக ஆராய வேண்டும் என்று சொல்லும் இடங்களும் உண்டு.

எங்கேயும் இது தானாக நடப்பதில்லை. அனுமதிப் பிரிவு உங்கள் பெறுபேற்றைப் பார்ப்பது உங்களைச் சேர்ப்பதா விடுவதா என்று முடிவெடுக்க மட்டுமே. கிரெடிட்டைத் தீர்மானிப்பது பதிவாளர் அலுவலகமும் அந்தந்தப் பாடத்தின் துறையும். விண்ணப்பத்தோடு பெறுபேறும் போனதுதானே என்று சும்மா இருந்தால், தெரிந்த வகையிடலையே காசு கட்டித் திரும்பப் படிக்க வேண்டிவரும். ஒரு கிரெடிட்டுக்கு 400 டொலர் என்று வைத்தால், 24 கிரெடிட்டுக்கு 9,600 டொலர். வாடகையும் சாப்பாடும் இதில் சேரவில்லை.

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இந்தக் கணக்கு செல்லாது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் உயர்தரம் 2ஆம் மட்டம். பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். நம் அரச பல்கலைக்கழகங்களுக்கு உயர்தரம் வாசல் மட்டும்தான், கிரெடிட் உள்ளே போன பிறகுதான் தொடங்கும்.

எந்தப் பாடத்துக்கு என்ன எதிர்பார்க்கலாம்

ஏ, பி, சி சித்திகளைத்தான் பேச்சுக்கு எடுப்பார்கள். சில இடங்களில் சி போதும், சில இடங்களில் பி-க்குக் கீழே பார்க்கவே மாட்டார்கள். எஸ் சித்திக்குக் கிரெடிட் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இசட் புள்ளியும் அங்கே உதவாது. அது நம் மானியங்கள் ஆணைக்குழுவுக்காகக் கணிக்கப்படுவது, அங்கே விளக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

இணைந்த கணிதத்துக்கு நுண்கணிதம் 1 கேட்கலாம், கொஞ்சம் அழுத்தியே கேட்கலாம். எல்லை, வகையிடல், அதன் பிரயோகம், தொகையிடல், பகுதிப் பின்னம், பகுதிகளாகத் தொகையிடல் எல்லாம் நம் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. நுண்கணிதம் 2-இல் சிக்கல் வரும். தொகையிடல் முறைகள் ஒத்துப்போனாலும், முடிவிலித் தொடர்களின் ஒருங்கலைச் சோதிக்கும் முறைகளும் டெயிலர் தொடரும் நமக்கு இல்லை. அந்தப் பாடத்தின் கனமான பகுதியே அதுதான்.

பௌதிகவியலில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் முதலாம் வருடப் பௌதிகவியல் இரண்டு வகை: அட்சரகணிதத்தோடு நிற்பது ஒன்று, நுண்கணிதத்தோடு வருவது மற்றது. நம் உயர்தரப் பௌதிகவியல் எவ்வளவு கடினமானாலும் நுண்கணிதத்தைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே முதல் வகைக்கே கிரெடிட் கிடைக்கும். பொறியியல் படிக்கப் போகிறவருக்கு வேண்டியதோ இரண்டாவது. அவருக்கு அந்தக் கிரெடிட் கணக்கில் ஏறும், பட்டத்துக்கு உதவாது.

இரசாயனவியலிலும் உயிரியலிலும் வேறொரு தடை. அங்கே பொது இரசாயனவியல் என்றால் விரிவுரை 3 கிரெடிட், ஆய்வுகூடம் 1 கிரெடிட் என்று பிரித்திருப்பார்கள். நம் பரீட்சையில் தனியாகச் செய்முறைப் பரீட்சை இல்லை. "ஆய்வுகூடத்தில் வேலை செய்ததற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால் காட்டுவதற்கு இரண்டுதான் உண்டு: ஆசிரியர் ஒப்பமிட்ட செய்முறைக் கொப்பி, அதிபர் கடிதத் தலைப்பில் தரும் செய்முறைப் பட்டியல். இப்போது 12, 13ஆம் தரத்தில் இருப்பவர்கள் அந்தக் கொப்பியைப் பரீட்சை முடிந்த கையோடு பழைய கடதாசிக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

வர்த்தகப் பிரிவில் பொருளியல் நன்றாக எடுபடும். நுண்பாகப் பொருளியல், பேரினப் பொருளியல் இரண்டையும் கேட்கலாம். கணக்கீட்டுக்கு நிதிக் கணக்கீடு 1 கேட்கலாம். கலைப்பிரிவு மாணவர்கள் தமக்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள், அது தவறு. அமெரிக்கப் பட்டத்தில் எல்லாரும் எடுக்க வேண்டிய பொதுக் கல்விப் பாடங்கள் உண்டு. அளவையியல், அரசியல் விஞ்ஞானம், புவியியல், வரலாறு, இந்து நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம் எல்லாம் அந்தப் பெட்டிகளில் போய் உட்காரக்கூடியவை. பிறமொழி படிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்குமிடத்தில், தமிழ்மூலம் படித்ததைக் காட்டி அதிலிருந்து விலக்குக் கேட்கலாம். பொது ஆங்கிலம் மட்டும் உதவாது, ஆங்கிலக் கட்டுரைப் பாடத்துக்கு அதை வைத்துக் கிரெடிட் கேட்பதில் பயனில்லை.

பல்கலைக்கழகம் அனுப்பும் விடையை வாசிக்கும்போது மூன்று விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். "இந்தப் பாடத்துக்கு 4 கிரெடிட்" என்று பாட இலக்கத்தோடு வந்தால் அதுதான் முழுப் பலன். "அடுத்த நிலைக்குப் போகலாம்" என்று மட்டும் வந்தால் பாடம் கழியும், கிரெடிட் ஏறாது, அதற்குப் பதிலாக இன்னொன்று படிக்க வேண்டும். "விருப்பப் பாடக் கிரெடிட்" என்று பொதுவாக வந்தால், உங்கள் பட்டத்தில் விருப்பப் பாடத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பொறியியலில் அந்த இடம் அநேகமாக இருக்காது. 30 கிரெடிட் கிடைத்தது என்று வீட்டில் சொல்லிவிட்டு, பட்டத்துக்கு உதவுவது 8 மட்டும் என்று பிறகு தெரிந்துகொள்வதைவிட இதை முதலே பார்ப்பது நல்லது.

கிரெடிட்டுக்கான கோப்பு தயாரித்தல்

முதல் ஆவணம் பரீட்சைத் திணைக்களம் தரும் ஆங்கிலப் பெறுபேற்றுச் சான்றிதழ். இணையத்தில் வந்த பெறுபேற்றின் கைப்பேசிப் படமோ, பாடசாலையில் தந்த தாளோ போதாது. திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், பத்தரமுல்லைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. சுட்டிலக்கம், பரீட்சை ஆண்டு, அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் எடுத்து வையுங்கள். இரண்டு தடவை தோற்றி இருந்தால் இரண்டையும் எடுங்கள். முதல் தடவையை மறைத்தால், பிறகு தெரியவரும்போது அது பொய்யான விண்ணப்பமாகிவிடும். திணைக்களத்திலிருந்து நேரே வர வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொன்னால் அப்படியே அனுப்பச் செய்யுங்கள். உறையை நீங்கள் பிரித்து ஒட்டினால் அந்தப் பிரதி செல்லாது. வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அத்தாட்சி கேட்டால் மட்டும் எடுங்கள்.

பெயர் பெரிய தலையிடி. நம் சான்றிதழில் முதலெழுத்தும் பெயரும், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் விரிந்து நீண்ட பெயர், அங்கே விண்ணப்பத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டே கட்டங்கள். முஸ்லிம் மாணவர்களுக்கு இன்னும் மோசம்: முகம்மது என்ற ஒரே பெயர் பிறப்புப் பதிவில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், பெறுபேற்றில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது. கடவுச்சீட்டில் உள்ளதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். மற்றவை வேறுபட்டால் "இவ்விரு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்ற சத்தியக்கடதாசி ஒன்றை ஆங்கிலத்தில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

அடுத்தது பாடத்திட்டம். கோப்பின் உயிரே இதுதான். தேசிய கல்வி நிறுவகம் உயர்தரப் பாடத்திட்டங்களை மூன்று மொழியிலும் வெளியிடுகிறது. நீங்கள் தமிழில் படித்திருந்தாலும் அதே பாடத்தின் ஆங்கிலப் பிரதி இருக்கிறது, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கொடுத்து மொழிபெயர்க்கத் தேவையில்லை. நீங்கள் தோற்றிய ஆண்டுக்குரிய பாடத்திட்டமா என்று மட்டும் சரிபாருங்கள். திருத்திய பாடத்திட்டத்தை அனுப்பினால், நீங்கள் படிக்காத அலகு அதில் இருக்கும், படித்தது விடுபட்டிருக்கும்.

அதிலே ஒவ்வொரு அலகுக்கும் எத்தனை பாடவேளை என்று போட்டிருக்கும். ஒரு பாடவேளை 40 நிமிடம். உதாரணத்துக்கு, நுண்கணித அலகுகளைக் கூட்டி 68 பாடவேளை வந்தால் 2,720 நிமிடம், அதாவது 45 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அமெரிக்காவில் வாரம் 3 மணித்தியாலம், 15 வாரம் என்றால் அதுவும் 45. பதிவாளர் அலுவலகத்துக்கு இந்த மொழிதான் விளங்கும்.

பிறகு ஒரு பக்க ஒப்பீட்டு அட்டவணை. பல்கலைக்கழகத்தின் பாட விவரத்தை அவர்களுடைய தளத்திலிருந்து எடுத்து இடப்பக்கம் ஒவ்வொரு தலைப்பாக எழுதுங்கள். வலப்பக்கம் நம் பாடத்திட்டத்தின் அலகு எண், பக்க எண், பாடவேளை. இல்லாத தலைப்புக்கு நேரே "இல்லை" என்றே எழுதுங்கள். பத்தில் எட்டு ஒத்துப்போய் இரண்டு இல்லை என்று நேரே சொல்லும் அட்டவணையை நம்புவார்கள். எல்லாம் இருக்கிறது என்று சொன்னால் பேராசிரியர் முதலில் தேடிப் பார்ப்பது டெயிலர் தொடரைத்தான். கூடவே உங்கள் வருட வினாத்தாளின் ஆங்கிலப் பிரதியையும் இணையுங்கள். இணைந்த கணித வினாத்தாளைப் பார்க்கும் கணிதத் துறைக்காரருக்கு வேறு சிபாரிசு வேண்டியதில்லை.

எப்போது, யாரிடம் கேட்பது

அனுமதி கிடைத்த பிறகு, முற்பணம் கட்டுவதற்கு முன். நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது, பதில் கெதியாக வரும். காசு கட்டிய பிறகு அந்த அவசரம் போய்விடும். மின்னஞ்சலில் "எனக்குக் கிரெடிட் கிடைக்குமா?" என்று கேட்காதீர்கள், "இங்கே வந்த பிறகு ஆலோசகரைச் சந்தியுங்கள்" என்ற பொதுவான பதில்தான் வரும். இன்ன பட்டத்துக்கு இன்ன பாட இலக்கத்துக்கு உயர்தர இணைந்த கணிதம் ஏ சித்தியை ஏற்பீர்களா, ஏற்றால் எத்தனை கிரெடிட், பட்டத்தின் எந்தத் தேவையில் சேரும் என்று கேளுங்கள். இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களிடம் ஒரே கேள்வியை அனுப்பி, வரும் விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொலைபேசியில் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

சில இடங்கள் டபிள்யூ.ஈ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கும். அங்கே இரண்டு வகை உண்டு. ஆவணத்தை மட்டும் மதிப்பிடுவது மலிவு, பாடம் பாடமாக மதிப்பிடுவது விலை கூட. கிரெடிட்டுக்கு வேண்டியது இரண்டாவது. மலிவானதை எடுத்துவிட்டு மறுபடி காசு கட்டுவது அடிக்கடி நடக்கிறது. எந்த நிறுவனத்தை ஏற்பார்கள், எந்த வகை என்று பல்கலைக்கழகத்திடம் கேட்ட பிறகே கட்டுங்கள்.

"இல்லை" என்று பதில் வந்தால் அது முடிவான பதிலாக இருக்க வேண்டியதில்லை. பட்டியலில் இலங்கை இல்லாததால் எழுதுவினைஞர் மறுத்திருக்கலாம். துறைத் தலைவரின் மீளாய்வுக்கு அனுப்புமாறு கேளுங்கள், ஒப்பீட்டு அட்டவணை உதவுவது அங்கேதான். துறையே வைக்கும் சவால் பரீட்சையில் தோற்றிக் கிரெடிட் எடுக்கவும் பல இடங்களில் வழி உண்டு.

இடைவெளியை ஏ.பி.யால் நிரப்புவது

உயர்தரத்தோடு ஏ.பி.யும் எடுக்க வேண்டுமா? எல்லாருக்கும் வேண்டாம். உயர்தரத்தால் கிடைக்காததற்கு மட்டும் எடுங்கள். ஏ சித்தி எடுக்கும் கணிதப் பிரிவு மாணவருக்கு ஏ.பி. நுண்கணிதம் பி.சி. (நுண்கணிதம் 1, 2 இரண்டையும் சோதிப்பது) ஒன்று பெறுமதியானது. அதே மாணவர் ஏ.பி. இரசாயனவியலும் எடுத்தால் ஒரே கிரெடிட்டுக்கு இரண்டு முறை காசு கட்டியதாகும், ஒரே பாடத்துக்கு இரண்டு தடவை கிரெடிட் தர மாட்டார்கள்.

ஏ.பி. வகுப்பில் படித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை, சுயமாகப் படித்துத் தோற்றலாம். பரீட்சையை நடத்துவது பாடசாலைகள். வெளி மாணவரைச் சேர்ப்பது அந்தப் பாடசாலையின் விருப்பம். அதனால் முதல் வேலை, நிலையமாக உள்ள பாடசாலையின் ஏ.பி. இணைப்பாளரைத் தேடிச் சம்மதம் வாங்குவது. பரீட்சை மே மாதம், பதிவு முந்திய நவம்பரில் முடிகிறது. 2024, 2025ஆம் வருடங்களில் நம் உயர்தரமும் நவம்பரில்தான் தொடங்கியது. அந்த இரண்டு வருடங்களிலும் மழை வெள்ளத்தால் பரீட்சை இடைநடுவில் நின்றதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. ஆகவே பதிவை ஒக்டோபருக்குள் முடித்துவிட்டு, உயர்தரம் முடிந்த பிறகு டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஏ.பி.க்குப் படியுங்கள். அந்த இடைவெளி அதற்குப் போதும்.

பி.சி. பரீட்சை 3 மணித்தியாலம் 15 நிமிடம். 45 பல்தேர்வு வினா, 6 விரிவான வினா. நம் மாணவருக்கு இரண்டு இடங்களில் தடுக்கும். இணைந்த கணித வினாத்தாளில் பல்தேர்வு வினாவே கிடையாது, இங்கே முதல் 30 வினாவுக்கு 60 நிமிடம்தான். ஒரு வினாவுக்கு 2 நிமிடம். ஒவ்வொரு படியையும் எழுதிப் பழகியவர்கள் 20ஆவது வினாவில் நேரத்தைத் தொலைத்து நிற்பார்கள். இரண்டாவது கணிப்பான். அதைத் தொடாமலே கணிதம் படித்த நமக்கு, வரைபுக் கணிப்பான் இல்லாமல் செய்ய முடியாத வினாக்கள் 15 பல்தேர்வும் 2 விரிவானவையும் உள்ள பகுதிகளில் வரும். பரீட்சை நடக்கும் புளூபுக் செயலியிலேயே டெஸ்மொஸ் கணிப்பான் இருக்கிறது. டெஸ்மொஸை இலவசமாகக் கைப்பேசியிலும் பழகலாம். தொடர்கள், டெயிலர் தொடர், முனைவாள்கூறுகள், ஒயிலரின் முறை போன்றவை புதிதாகப் படிக்க வேண்டியவை. மற்றதில் பெரும் பகுதி தெரிந்ததுதான், ஆனால் தமிழில் தெரிந்தது.

இந்த மொழி விஷயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். காவி, தாயம், கணத்தாக்கு என்று படித்தவருக்கு ஆங்கில வினாவில் சொல் தெரியாததால் கணக்கே விடுபடும். இதற்கு அகராதியைவிட நல்ல வழி, ஒரே வருடத்து உயர்தர வினாத்தாளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்து, 1ஆம் வினாவுக்கு 1ஆம் வினா என்று பக்கத்தில் வைத்து வாசிப்பது. பத்து வருட வினாத்தாள் இப்படிப் பார்த்தால் சொல்லும் பிடிபடும், வினா கேட்கும் தோரணையும் பிடிபடும்.

புள்ளி 1 முதல் 5 வரை. 3 சித்தி எனக் கருதப்பட்டாலும் பெரிய பல்கலைக்கழகங்கள் 4 அல்லது 5 கேட்கும். ஜூலையில் பெறுபேறு வரும். ஜூன் 20-க்குள் தெரிவு செய்தால் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இலவசமாக அனுப்புவார்கள், பிந்தினால் ஒவ்வொன்றுக்கும் காசு.

லண்டன் ஏ லெவல் என்று நாம் சொல்லும் பிரித்தானிய ஏ லெவல் எடுக்க நினைப்பவருக்கு ஒரு குறிப்பு: தனியாகத் தோற்றுவதென்றால் விஞ்ஞானப் பாடங்களுக்கு எடெக்ஸெல் சர்வதேச ஏ லெவல் வசதி, செய்முறை அறிவை எழுத்து வினாத்தாளிலேயே சோதிக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் நடத்தும் ஏ லெவலில் ஆய்வுகூடத்தில் அமர வேண்டிய செய்முறை வினாத்தாள் உண்டு. ஏ லெவலின் முதற்பாதியான ஏ.எஸ். மட்டும் எடுத்தால் பல இடங்களில் கிரெடிட் கிடையாது.

போய்ச் சேர்ந்த பிறகு

முதல் பருவத்துக்குப் பாடம் பதியும் நேரம்தான் ஆபத்து. கிரெடிட் இன்னும் கணினியில் ஏறாமல் இருக்கும், ஆலோசகர் நுண்கணிதம் 1-இல் சேரச் சொல்வார். சேர்ந்து படித்தால், ஏற்கெனவே கிடைத்த கிரெடிட் ரத்தாகிவிடும். எழுத்தில் வாங்கிய மின்னஞ்சலைக் காட்டுங்கள். அதேநேரம், உயர்தரத்தில் சி எடுத்தவர் பொறியியலில் நேரே நுண்கணிதம் 2-க்குப் போவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. படித்து ஒரு வருடம் ஓடியிருக்கும், வகுப்பு ஆங்கிலத்தில், முதல் பருவம், குளிர் வேறு. ஏ எடுத்தவர் போகட்டும். சி எடுத்தவர் பொதுக் கல்விப் பாடங்களில் கிரெடிட்டை எடுத்துக்கொண்டு கணிதத்தை முதலிலிருந்து படிப்பதே இலாபம்.

எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் ஒவ்வொரு பருவமும் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். கையில் 24 இருக்கிறது என்று 9 எடுத்தால் விசாவுக்கு ஆபத்து. முன்கூட்டிக் கிடைத்த கிரெடிட் படிப்பை ஒரு பருவமோ இரண்டோ முந்தி முடிக்க உதவும், பருவத்தின் பாரத்தைக் குறைக்க உதவாது. எட்டுப் பருவத்துக்குப் புலமைப்பரிசில் கிடைத்தவர்கள், முந்தி முடித்தால் மிச்சப் பணம் கைக்கு வராது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அவர்கள் இரண்டாவது பிரதான பாடம் ஒன்றைச் சேர்ப்பது நல்லது.

இடையில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால், முதலாவது இடம் தந்த உயர்தரக் கிரெடிட்டை இரண்டாவது இடம் அப்படியே ஏற்காது, மூல ஆவணத்திலிருந்து மறுபடி பார்க்கும். சான்றிதழின் இன்னொரு மூடிய பிரதி, பாடத்திட்டம், அட்டவணை மூன்றையும் ஊரிலே வீட்டில் விட்டுவிட்டுப் போகாமல் கொண்டுபோங்கள், ஸ்கேன் செய்த பிரதியை மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள்.